கண்ணுக்குத் தெரியாத கடைக்கால்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய சாந்தியும் சலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

இன்றைய கூட்டத்தின் ஐந்தாவது தீர்மானம் பள்ளிக்கு மாடி எழுப்புவது பற்றியது. ஜும்ஆ நாளில் வெயிலில் தெருவில் பாய் விரித்துத் தொழும் நிலையை நாம் அனைவரும் அறிவோம். வெளிநாட்டில் பணிபுரியும் நம் ஜமாஅத் சகோதரர் ஒருவர் பெருந்தொகை தர முன்வந்துள்ளார். அடுத்த ரமலானுக்குள் மாடியில் தராவீஹ் நடக்க வேண்டும் என்பது அவருடைய ஆவல். இத்தேவையை மறுப்போர் எவருமில்லை. ஆயினும் நாம் இப்போது பேச எழுந்தது மாடியைப் பற்றி அன்று. மாடிக்குக் கீழே, தரைக்கும் கீழே உள்ளதைப் பற்றியே.

கிழக்குச் சுவரில் விழுந்துள்ள வெடிப்பை நீங்கள் கண்டிருப்பீர்கள். முன்மண்டபத்தைப் பழைய பள்ளியோடு ஒட்டிக் கட்டியபின் தோன்றிய வெடிப்பு அது. இருமுறை பூசினோம், இருமுறையும் அதே இடத்தில் திறந்துகொண்டது. சென்ற ஆண்டு பொறியாளர் ஒருவரின் சொற்படி வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டினோம். சுவர் அசையாது நின்றால் கண்ணாடி அப்படியே இருக்கும், அசைந்தால் உடையும். மழைக்காலம் முடிந்து கோடை தொடங்கியபோது அது உடைந்திருந்தது. அந்த முன்மண்டபத்தை விரைந்து முடியுங்கள் என்று மிம்பரில் நின்று வற்புறுத்தியோரில் நாமும் ஒருவர். மண்ணைப் பார்த்தீர்களா என்று அன்று நாம் கேட்கவில்லை. இதை மறைப்பதில் பயனில்லை.

சென்ற மாதம், பழைய கடைக்காலைத் தோண்டிப் பார்க்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, “முன்னோர் கட்டியதைத் தோண்டிப் பார்ப்பதா? அவர்கள்மீது நமக்கு நம்பிக்கை இல்லையா?” என்று நம் பெரியவர் சிலர் மனம் வருந்தினர். அவ்வருத்தம் மதிக்கத் தக்கது. அதற்கு விடையாகச் சில செய்திகளைச் சொல்ல விழைகிறோம்.

நம் மக்தபில் பிள்ளைகள் அலிஃப், பே என்று எழுத்துக் கூட்டத் தொடங்கும் சிறு நூலுக்குக் ‘காயிதா’ என்று பெயர். அரபு இலக்கணத்தில் விதி ஒன்றைக் ‘காயிதா’ என்போம். ஃபிக்ஹுக் கலையில் பல சட்டங்களுக்கு அடியில் நிற்கும் பொதுவிதிக்கும் அதுவே பெயர். அதன் பன்மையே ‘கவாயித்’. நபி இப்ராஹீம் (அலை) அவர்களும் அவர்தம் மைந்தர் இஸ்மாயீல் (அலை) அவர்களும் இறையில்லத்தை எழுப்பியதைக் குர்ஆன் கூறுமிடத்தில் (2:127) வீட்டின் கடைக்காலுக்குப் பயன்படும் சொல்லும் இந்தக் கவாயித்தான். குழந்தையின் எழுத்துப் புத்தகமும், சட்டத்தின் வேரும், கஅபாவின் அடித்தளமும் ஒரே சொல்லில் அடங்குவதை ஓதும் காலத்தில் நாம் வியந்ததில்லை. பிற்காலத்தில்தான் எண்ணிப் பார்த்தோம்.

கஅபாவின் கடைக்கால் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்களுக்கு முப்பத்தைந்து வயதானபோது, அதாவது நபித்துவத்திற்கு ஐந்தாண்டுகள் முன்னர், குறைஷியர் கஅபாவைப் புதுப்பித்தனர். அவர்கள் அக்காலத்தில் சிலைகளை வணங்கியோர். எனினும் இப்பணிக்கு வட்டிப் பணமும், விபசாரத்தில் வந்த பணமும், பிறரிடம் பறித்த பணமும் கூடாதென உறுதி பூண்டனர். தூய பணம் போதவில்லை. ஆகவே வடபுறத்தில் ஏறத்தாழ ஆறு முழ அளவை வெளியே விட்டுச் சுவரைக் குறுக்கி எழுப்பினர். அங்ஙனம் விடப்பட்ட பகுதி, இன்று ஹதீம் என்றும் ஹிஜ்ர் என்றும் நாம் அழைக்கும் அரைவட்ட வளாகத்தினுள் அடங்கியுள்ளது. பணம் வாங்குமுன் அதன் அடியைப் பார்த்தவர்கள் அவர்கள். நம்முடைய வசூல் கமிட்டிகள் இதை நினைவிற் கொள்வது நலம். இதற்குமேல் அதுபற்றி இங்கே பேசவில்லை.

இப்ராஹீம் (அலை) அவர்களின் கடைக்கால்மீதே கஅபாவை மீண்டும் அமைக்க வேண்டும், தரையோடு தரையாக இரு வாயில்கள் வைக்க வேண்டும் என்னும் விருப்பத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வெளியிட்டிருந்தார்கள். மக்கத்து மக்கள் இஸ்லாத்திற்குப் புதியவர்கள். கஅபாவை இடிப்பது அவர்தம் உள்ளங்களைக் குலைத்துவிடும் என்பதால் அதைச் செய்யாது விட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் இச்செய்தி உள்ளது.

ஹிஜ்ரி 64-ஆம் ஆண்டு (கி.பி. 683) மக்கா முற்றுகையின்போது கஅபா தீயால் சேதமுற்றது. அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் மக்களைக் கூட்டி ஆலோசித்தார்கள். பழுதானதை மட்டும் செப்பனிட்டால் போதும் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கருத்துரைத்தார்கள். இப்னு ஸுபைர் (ரலி) அவர்களோ இடித்துக் கட்டுவதெனத் துணிந்தார்கள். முதற்கல்லைப் பெயர்க்க மக்கள் அஞ்சினர். ஒருவர் மேலேறிக் கல்லொன்றைக் கீழே தள்ளி, அவருக்குத் தீங்கேதும் நேரவில்லை என்று கண்டபிறகே ஏனையோர் கைவைத்தனர். பின்னர் ஹிஜ்ரின் பக்கம் தோண்டிப் பழைய கடைக்காலைக் கண்டார்கள். அதை நேரில் கண்ட யஸீத் இப்னு ரூமான் என்பார், அக்கற்கள் ஒட்டகத் திமில்களைப் போன்றிருந்தன என அறிவித்திருக்கிறார். மக்கள் அதைப் பார்த்தனர். அதன்பிறகே சுவர் மேலெழுந்தது.

ஹிஜ்ரி 73-இல் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் ஷஹீதானபின், கலீஃபா அப்துல் மலிக்கின் கட்டளைப்படி ஹஜ்ஜாஜ் அந்தப் பகுதியை மீண்டும் வெளியேற்றி, குறைஷியரின் எல்லைக்கே சுவரைக் கொணர்ந்தார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு உண்மையே என்று பிறகு தெளிந்தபோது அப்துல் மலிக் வருந்தினார். பின்னாளில் அப்பாஸியக் கலீஃபா ஒருவர் இப்னு ஸுபைரின் அமைப்புக்கே மாற்ற விரும்பியபோது, இறையில்லம் மன்னர்களின் விளையாட்டுப் பொருளாகிவிடும் என்று சொல்லி இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். ஆகவே இன்றுவரை அக்கடைக்காலின் ஒரு பகுதி சுவரின்றியே இருக்கிறது. ஆயினும் தவாஃபின்போது நாம் ஹதீமுக்கு வெளியேதான் சுற்றி வருகிறோம். அதனுள் புகுந்து குறுக்கே சென்றால் அச்சுற்று நிறைவாகாது. ஹாஜிகள் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும் சுவரை மட்டும் அன்று. தெரியாத கடைக்காலையும் சேர்த்தே.

கல்லின் அடித்தளம் ஒன்று. மக்கள் மனத்தின் அடித்தளம் மற்றொன்று. தோண்டிக் காட்டியவரும் நம்முடைய நபித்தோழர். மனங்கள் குலையுமென அஞ்சி நிறுத்திய முன்மாதிரியும் நம்முடைய நபிகளாருடையது. நம் பெரியவர்களின் வருத்தத்தை மதிக்கிறோம் என்றது இதனாலேயே. அவர்களை ஒதுக்கிவிட்டு ஒரு மண்வெட்டிகூட விழலாகாது.

இனி, மேலே மேலே கட்டியோரின் கதை ஒன்று. இத்தாலி நாட்டின் பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைப் படத்தில் காணாதவர் இலர். 1173-இல் தொடங்கப்பெற்ற அக்கோபுரத்தின் கடைக்காலுக்கு ஆழம் சுமார் மூன்று மீட்டரே. கீழே இளகிய களிமண். மூன்றாம் அடுக்கை எட்டியபோதே, 1178 அளவில், சாயத் தொடங்கிவிட்டது. பிறகு போர்களால் ஏறத்தாழ நூறாண்டுகள் வேலை நின்றது. அப்போது அது பெருங்குறையாகத் தோன்றியிருக்கும். இன்றைய மண்ணியல் அறிஞர்களோ, அந்த இடைவெளியில் களிமண் இறுகியதால்தான் கோபுரம் பிழைத்தது என்கின்றனர். நிற்காமல் கட்டியிருந்தால் அப்போதே கவிழ்ந்திருக்கும். 1272-இல் தொடர்ந்தோர், சாய்வை ஈடுகட்ட ஒருபக்கத்தை உயர்த்திக் கட்டினர். மேலே திருத்தினார்கள், அடியில் ஒன்றும் செய்யவில்லை.

அடியில் கைவைத்தவர்களும் அறியாமல் கைவைத்தார்கள். 1838-இல் அடிப்பகுதியைக் காணவேண்டிச் சுற்றிலும் பள்ளம் தோண்ட, கோபுரம் மேலும் சாய்ந்தது. 1934-இல் முசோலினியின் ஆட்சியில் அடித்தளத்தில் சிமெண்டுக் கலவையைச் செலுத்த, மீண்டும் சாய்ந்தது. 1990-இல் மக்களை உள்ளே விடாது மூடினர். இறுதியில் பலித்த வழி மிக எளியது: சாய்வுக்கு எதிர்ப்பக்கமான வடக்கில், அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்தனர். கோபுரம் நாற்பது சென்டிமீட்டருக்கும் அதிகமாக நிமிர்ந்தது. 2001 டிசம்பரில் திறந்தனர். ஆக, தோண்டுவதே குற்றமும் அன்று, தோண்டுவதே நற்செயலும் அன்று. யார் தோண்டுகிறார், எங்கே, எவ்வளவு, எதை அளந்துகொண்டு என்பதே கேள்வி. நாளையே நான்கு இளைஞர்கள் கடப்பாறையோடு வந்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

ஆக்ராவின் தாஜ்மஹாலும் ஆற்றங்கரை மண்ணில் நிற்பதே. 1632-இல் பணி தொடங்கியபோது, யமுனைக் கரையில் நாம் உறைக்கிணறு இறக்குவதைப் போன்றே வரிசையாகக் கிணறுகள் இறக்கி, கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு நிரப்பி, அவற்றின்மேல் மேடை அமைத்தார்கள். வெண்பளிங்கைப் பாடிய கவிஞர் பலருண்டு. கிணற்றைப் பாடியவரை நாம் அறியோம்.

இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் 1079-இல் தொடங்கப்பட்ட பெரிய தேவாலயம் ஒன்று உண்டு. அதன் கீழ்க்கோடிப் பகுதி, சதுப்பு நிலத்தில் மரக்கட்டைகளைப் பரப்பி அவற்றின்மேல் எழுப்பப்பட்டது. சுமார் எழுநூறு ஆண்டுகளுக்குப்பின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர்கள் வெடித்துச் சாய்ந்தன. அடியில் குழி தோண்டினால் நீர் ஊறி நிரம்பிவிடும்; நீரை இறைத்தாலோ சுவரே விழுந்துவிடும் என்ற நிலை. அப்போது கடலடி வேலை பழகிய வில்லியம் வாக்கர் என்னும் முக்குளிப்பாளரை அழைத்தனர். 1906 முதல் 1911 வரை அவர் அக்குழிகளில் இறங்கினார். ஆறு மீட்டர் வரை ஆழம்; கருஞ்சேற்று நீர்; விளக்கு வைத்தாலும் ஒன்றும் தெரியாது. தடவித் தடவியே வேலை. 25,800 சிமெண்டுக் கலவை மூட்டைகளும், 1,14,900 கலவைக் கட்டிகளும், ஒன்பது லட்சம் செங்கற்களும் அக்கட்டடத்தின் அடியில் சென்றன. வாக்கர் மூட்டைகளை அடுக்கி நீர்க்கசிவை அடைத்தபிறகே, கொத்தனார்கள் நீரை இறைத்துவிட்டு மேலே கட்டினர்.

பிற்காலத்தில் அவருக்குச் சிறு சிலை ஒன்று வைத்தார்கள். அதில் வாக்கரின் முகத்திற்குப் பதிலாகத் தலைமைப் பொறியாளரின் முகத்தைத் தவறுதலாகச் செதுக்கிவிட்டார்கள்! 2001-இல்தான் சரியான முகத்தோடு வேறு சிலை வந்தது. சிலை நமக்குத் தொடர்பில்லாதது. ஆயினும் அடித்தளத்தில் உழைத்தவருக்கு நேர்வது இதுதான் என்று எண்ணிக்கொண்டோம். நம் பள்ளியிலேயே பாருங்கள். மின்விசிறியின் இறக்கையில் பெயர் உண்டு, கடிகாரத்தில் பெயர் உண்டு, பீரோவில் பெயர் உண்டு. கடைக்காலில் பெயர் எழுத இடமில்லை. எழுதினாலும் மண்ணைப் போட்டு மூடிவிடுவோம். அதற்கு நன்கொடை கேட்டால் கை தயங்குவதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

பொருளுக்கு மட்டும் அன்று, கருத்துக்கும் கடைக்கால் உண்டு. மதரஸாவில் கியாஸ் பாடத்தில் இதைப் பயில்கிறோம். மது தடையென்பது சட்டம். அதன் அடியில் மறைந்திருக்கும் காரணம், ‘இல்லத்’, போதை. அக்காரணத்தைக் கண்டதால்தான் பழைய நூல்களில் பெயரே இல்லாத இக்காலப் போதைப் பொருளுக்கும் தீர்ப்புச் சொல்ல முடிகிறது.

கணிதத்தில் இதனினும் வியப்பான செய்தி உண்டு. கிரேக்க அறிஞர் யூக்ளிட் தம் வடிவியல் முழுவதையும் ஐந்து எடுகோள்கள்மீது எழுப்பினார். நான்கு எளியவை. ஐந்தாவது இது: இரு கோடுகளை மற்றொரு கோடு வெட்டும்போது ஒருபக்கத்து உட்கோணங்கள் இரண்டும் சேர்ந்து இரு செங்கோணத்தினும் குறைந்தால், அவ்விரு கோடுகளும் நீட்டினால் அப்பக்கம் சந்திக்கும். இதை அப்படியே ஏற்கலாமா என்ற ஐயம் அறிஞர்களை வாட்டியது. ருபாயியாத்துக் கவிஞர் என்று மட்டும் நாம் அறிந்திருக்கும் உமர் கய்யாம் 1077-இல் இதைப்பற்றித் தனிநூல் எழுதினார். முன்னவரான இப்னுல் ஹைஸமின் விளக்கம் அவருக்கு நிறைவளிக்கவில்லை; தாமே தோண்டிப் பார்த்தார். பின்னர் நஸீருத்தீன் தூஸி (1201–1274) தோண்டினார். தூஸியின் பெயரால் ரோமில் 1594-இல் அரபியில் அச்சான நூலின் வாதத்தை ஆக்ஸ்போர்டின் ஜான் வாலிஸ் 1663-இல் எடுத்துரைத்தார். எவரும் முற்றாக நிறுவவில்லை. கடைசியில் லோபசெவ்ஸ்கி 1829-லும், போயாய் 1832-லும் வெளியிட்ட உண்மை என்ன? அந்த ஐந்தாவது எடுகோளை மாற்றினாலும், முரண்பாடின்றி வேறொரு வடிவியல் நிற்கிறது! 1854-இல் ரீமன் இதை விரித்தார். அவ்வழி வந்த கணிதத்தைக் கொண்டே 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விசையை விளக்கினார்.

கய்யாமோ தூஸியோ யூக்ளிடை இகழ்ந்தவர்கள் அல்லர். அவரை வரிவரியாகக் கற்றவர்கள். கற்றதால் அடியைக் கேட்டவர்கள். அவர்கள் தோண்டியதால் யூக்ளிடின் வீடு இடியவில்லை. அது எதுவரை தாங்கும் என்ற எல்லை தெரிந்தது. நமக்கும் வேண்டியது அவ்வளவே: இந்தப் பள்ளி எதுவரை தாங்கும்?

நம் முன்னோர் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்த சுண்ணாம்புச் சாந்தில், தங்கள் கையிருப்புக்கேற்ப, ஒற்றைத் தளத்திற்கெனக் கட்டினார்கள். தாம் ஏற்றிய பாரத்திற்கு அவர்கள் சரியாகவே கட்டினார்கள். மாடி ஏற்றப்போவது நாம். மக்கள் நெருங்கி நிற்கும் கூடத்திற்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ எடையைக் கணக்கிட வேண்டுமென்பது இந்தியக் கட்டட விதி. தளத்தின் சொந்த எடை வேறு. இதை அவர்களிடம் யார் சொன்னார்கள்? நம் மண்ணோ மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் களிமண். பழைய வரைபடம் ஏதும் அலுவலகத்தில் இல்லை. ஹவுழுக்கு நீர் இறைத்த கிணறு ஒன்று தூர்க்கப்பட்டதாகக் கேள்வி. எந்த இடமென்று நிர்வாகத்தில் எவருக்கும் தெரியவில்லை. தூர்த்த கிணற்றின்மேல் ஒரு பில்லர் வந்துவிட்டால் என்னாகும் என்பதைக் கொத்தனார் வேலை அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், சொல்லத் தேவையில்லை.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது: ஐந்தாவது தீர்மானத்தை இன்று நிறைவேற்றாது ஒத்திவையுங்கள். மண் பரிசோதனைக்கும், இரு இடங்களில் ஆய்வுக்குழி தோண்டவும் பைத்துல்மாலிலிருந்து அன்றி, பள்ளிப் பராமரிப்பு நிதியிலிருந்து பணம் ஒதுக்குங்கள். பணம் தர முன்வந்த சகோதரருக்கு நாமே கடிதம் எழுதுகிறோம். ஒரு ரமலான் தள்ளிப்போவதால் அவர் மனம் மாறினால், அந்த இழப்பை ஏற்போம். குழி தோண்டும் நாளில் மாடி வேண்டுவோரும் வேண்டாதோரும் ஒருங்கே வந்து நின்று பார்க்க வேண்டும். கிணற்றைப் பற்றி அறிந்த மூத்தோர் எவரேனும் இருந்தால், தயைகூர்ந்து மோதினாரிடம் தெரிவியுங்கள்.

வஸ்ஸலாம்.

(இம்மலர் அச்சேறும் வேளையில் சேர்த்தது: பொதுக்குழு தீர்மானத்தை ஒத்திவைத்தது. குழிகள் தோண்டப்பட்டன. பழைய சுவரின் செங்கல் கடைக்கால் மூன்றரை அடியில் முடிகிறது. முன்மண்டபத்தின் புட்டிங்கோ, நிரப்பு மண்ணிலேயே நிற்கிறது. பழைய சுவர்களின்மேல் பாரம் ஏற்றாது, வெளியே தனியாகப் பைல் இறக்கி மாடியைத் தாங்க இயலுமா எனப் பொறியாளர் கணக்கிட்டு வருகிறார். சகோதரரிடமிருந்து இதுவரை பதில் வரவில்லை. கிணற்றைப் பொறுத்தவரை, எண்பதைக் கடந்த நம் மூத்தவர் ஒருவர் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். தோண்டுவதற்கு வருந்தியோரில் அவரும் ஒருவர். தென்கிழக்கு மூலையில் கைத்தடியால் கோடு ஒன்று கிழித்துக் காட்டிவிட்டு, தோண்டி முடியும்வரை நாற்காலியில் அமர்ந்திருந்தார். கோட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி உறை தட்டுப்பட்டது.)